காணாமற் போனவரின் பங்கு

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சோழபுரம் போன்ற ஊர்களில் ஒரு செய்தி பரவுவதற்குப் பத்திரிகை தேவைப்படுவதில்லை. "இன்னார் வீட்டுப் பெரியவரை நேற்றிலிருந்து காணோமாம்" என்று சுப்ஹுக்குப் பின் ஒருவர் சொன்னால் போதும். லுஹருக்குள் அச்செய்திக்குக் கையும் காலும் முளைத்துவிடும். முதலில், அவர் எங்கே போயிருப்பார் என்று பேசுவார்கள். மேற்கே மலை இருக்கிறது. வயல்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் இருக்கின்றன. கண்மாய் இருக்கிறது. தென்காசிக்கும் மதுரைக்கும் பேருந்துகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரியவர் எவ்வழியிற் சென்றார் என்று ஆளுக்கொரு திசை காட்டுவார்கள். ஒரு நாள் போகும். இரண்டு நாள் போகும். மூன்றாம் நாள் பேச்சின் போக்கு மாறும். 'எங்கே' என்ற கேள்வி எழுந்துபோய், அதன் இடத்தில் 'யார்' என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். மூத்த மகனா, இளைய மருமகளா, வரப்புத் தகராறு செய்த பங்காளியா? சென்ற மாதம் பத்திரம் எழுதினார்களாமே! இரவில் ஏதோ சத்தம் கேட்டதாமே!

இந்த மாற்றத்தைப் பற்றியே நாம் இங்குச் சிந்திக்க விரும்புகிறோம். துப்புத் துலக்கும் கடமையோ பயிற்சியோ பொறுப்போ இல்லாத நாம், தீராத ஒரு மறைவைப் பற்றி எதுவரை பேசலாம்? எந்த இடத்தில் நம் பேச்சு, காணாமற் போனவருக்குச் செய்யும் உதவி என்ற நிலையிலிருந்து வழுவி, அவர் வீட்டாருக்குச் செய்யும் கொடுமையாகிறது?

பேசுவதே குற்றம் என்று சொல்ல நாம் வரவில்லை. மௌத்து நேர்ந்த வீட்டில் ஊருக்கு வேலை இருக்கிறது. குளிப்பாட்ட ஆள் வேண்டும். கஃபன் துணி வாங்க வேண்டும். குழி வெட்ட வேண்டும். சந்தூக்கைச் சுமக்கத் தோள் வேண்டும். ஆள் காணாமற் போன வீட்டில் இவற்றுள் ஒன்றுமில்லை. ஜனாஸா இல்லை, கபுறு இல்லை. மனைவி இத்தா இருப்பதா வேண்டாமா என்பதற்கும் விடை இல்லை. ஆறுதல் சொல்லப் போகிறவருக்கே எந்தச் சொல்லைச் சொல்வதென்று தெரிவதில்லை. கைகளுக்கு வேலை இல்லாத அந்த நேரத்தில் நாவு வேலையை எடுத்துக்கொள்கிறது. வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது மனிதனுக்கு எளிதன்று. அதை ஒரு கதையால் நிரப்பிவிட்டால் அவனுக்கு மூச்சு வருகிறது. கதை என்றால் முடிவு வேண்டும். முடிவு என்றால் பெரும்பாலும் ஒரு குற்றவாளி வேண்டும்.

இது சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் பலவீனம் மட்டுமன்று. நம் தமிழ்த் தொழிலாளர்கள் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலேசியாவின் கேமரன் மலையில், 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று பிற்பகலில், ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் தாம் தங்கியிருந்த மாளிகையிலிருந்து உலாவப் புறப்பட்டார். ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவருக்கு 61 வயது நிறைவு பெற்றிருந்தது. அவரை விருந்துக்கு அழைத்திருந்த நண்பர்கள் உள்ளே பகலுறக்கத்தில் இருந்தனர். சிகரெட்டையும் மருந்தையும் அவர் எடுத்துச் செல்லவில்லை. ஆகவே தொலைதூரம் போகும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது என்று கருதப்பட்டது. அவர் திரும்பவேயில்லை. நூற்றுக்கணக்கானோர் நாட்கணக்கில் காட்டைச் சல்லடையாகச் சலித்தனர். ஓர் எலும்பு, ஒரு செருப்பு, ஒரு துணித்துண்டு கூட அவருடையது என்று உறுதியாகச் சொல்லும்படி அன்று கிடைக்கவில்லை.

தாம்சன் சாதாரண ஆளல்லர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறையில் பணியாற்றியவர். போருக்குப் பின் பாங்காக்கில் தங்கி, நலிந்து கிடந்த தாய்லாந்துப் பட்டு நெசவுக்கு உலகச் சந்தையில் மதிப்புத் தேடித் தந்தவர். அவருக்காகத் தறி நெய்தவர்களுள் பலர், அவர் வீட்டுக்கு எதிரே கால்வாயின் மறுகரையில் இருந்த பான் குருவா என்னும் குடியிருப்பைச் சேர்ந்த சாம் இன முஸ்லிம்கள் என்பது நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. இத்தகைய ஒருவர் மறைந்தால் ஊகங்களுக்குக் கேட்கவா வேண்டும்? கம்யூனிஸ்டுகள் கடத்தினார்கள் என்றனர் சிலர். அவருடைய பழைய உளவு நண்பர்களே தீர்த்துவிட்டனர் என்றனர் வேறு சிலர். புலி அடித்தது, லாரி மோதிய ஓட்டுநர் உடலைப் புதைத்துவிட்டான், காட்டுவாசிகளின் பொறியில் விழுந்தார், தாமே திட்டமிட்டு மறைந்தார், தற்கொலை செய்துகொண்டார் - இப்படி ஒவ்வொன்றுக்கும் வாதாடுவோர் இருந்தனர். மலாய் மந்திரவாதிகள் வந்தனர். பீட்டர் ஹூர்கோஸ் என்ற டச்சுக்காரர், ஞானதிருஷ்டி உடையவராகத் தம்மைச் சொல்லிக்கொண்டவர், வந்து பார்த்துவிட்டுக் கம்போடியாவுக்குக் கடத்தப்பட்டார் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தாம்சனின் சகோதரி அமெரிக்காவில் தம் வீட்டில் கொலையுண்டார். உடனே இவ்விரு துயரங்களுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டி இழுத்தனர். நூல் இருந்ததற்குச் சான்று எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 1974-இல் சட்டம் அவரை இறந்தவராக அறிவித்தது. நூல்கள் 1970-இலிருந்து அண்மைக் காலம் வரை வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நூல் தன் தலைப்பிலேயே புதிர் தீர்ந்தது என்று கூறிக்கொண்டது. புதிர் தீரவில்லை.

இந்த ஊகப் பட்டியலில் ஒன்று மட்டும் நம் நெஞ்சில் தைக்கிறது. காட்டைத் தம் கைரேகைபோல் அறிந்த ஒராங் அஸ்லி என்னும் பழங்குடி மக்கள் தேடுவோருக்கு வழிகாட்டிகளாகக் காட்டுக்குள் இறங்கினார்கள். அவர்கள் வெட்டிய பொறிக்குழியில் அவர் விழுந்திருப்பார், அவர்கள் மறைத்திருப்பார்கள் என்ற ஊகத்தைச் சொன்னவர்களோ நாற்காலியில் அமர்ந்து சொன்னவர்கள். தேடியவர் மீது பழி; தேடாதவர் வாயில் தீர்ப்பு! நம் ஊர்களிலும் இப்படித்தான் நடக்கிறது. கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக் கண் வீங்கித் திரும்பும் மகனைத்தான், "நல்லாத்தான் நடிக்கிறான்" என்று திண்ணையில் சாய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

இனி, நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் காணாமற் போனவரை எவ்வாறு நடத்தினார்கள் என்று பார்ப்போம். ஃபிக்ஹு நூல்களில் இவருக்கென்றே தனிப் பாடம் உண்டு. இவருக்கு 'மஃப்கூத்' என்று பெயர். உயிரோடிருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று அறியப்படாதவர். அவ்வறிஞர்கள் கைக்கொண்ட அடிப்படை மிக எளியது: உறுதியாகத் தெரிந்த ஒன்றை ஐயத்தைக் கொண்டு நீக்கலாகாது. அவர் உயிரோடிருந்தார் என்பது உறுதி. இறந்தார் என்பது ஐயம். ஆகவே அவருடைய சொத்தைப் பொறுத்தவரை அவர் உயிருள்ளவரே. வாரிசுகள் அதைப் பங்கிட இயலாது. அதைக் காக்க ஒருவரைக் காழி நியமிப்பார். ஆனால் இடையில் அவருடைய உறவினர் ஒருவர் இறந்து, அச்சொத்தில் இவருக்குப் பங்கு வருமானால்? அங்கே அறிஞர்களின் நுண்மதியைக் காண்கிறோம். அப்பங்கை இவருக்குக் கொடுத்துவிடுவதும் இல்லை. பிறர்க்குப் பிரித்துவிடுவதும் இல்லை. தனியே எடுத்து நிறுத்திவைக்கிறார்கள். 'மவ்கூஃப்' என்பது அதன் பெயர். வந்தால் அவருக்கு, அவர் முன்பே இறந்தார் என்று தெரிந்தால் மற்றவர்க்கு. அதுவரை எவர் கையும் அதில் படக்கூடாது.

எத்தனை காலம் நிறுத்திவைப்பது? இதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. நம் பக்கத்து ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், அவருடைய வயதொத்தவர்கள் அனைவரும் மறையும்வரை என்பது ஒரு கணக்கு. பிறந்த நாளிலிருந்து தொண்ணூறு ஆண்டு என்பது மற்றொரு கணக்கு. மனைவியின் துன்பத்தைக் கருதி மாலிக்கி மத்ஹபு நான்காண்டு என்று வைத்தது. உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு அதற்கு அடிப்படை. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் நம் நாட்டுப் பெண்களுக்கு அந்த நான்காண்டு வழியைத் திறந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் வகுத்த ஏழாண்டுக் கணக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டத்திலும் தொடர்கிறது: ஏழாண்டுகளாக அவரைப் பற்றி வழக்கமாகக் கேள்விப்படக்கூடியவர்கள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை நிறுவ வேண்டும்.

முதியவர்கள் விஷயத்தில் இந்த ஹனஃபிக் கணக்கு ஒரு விசித்திரமான துயரத்தைக் காட்டுகிறது. இருபது வயது இளைஞன் மறைந்தால் எழுபது ஆண்டு அவனுக்காகக் கதவு திறந்திருக்கும். எண்பத்தெட்டு வயதுப் பெரியவர் மறைந்தால் இரண்டே ஆண்டு. வயதொத்தவர்கள் கணக்கும் அப்படித்தான். பள்ளிவாசல் ஹவுளுக்கு அருகே அவரோடு அமர்ந்திருந்தவர்களில் எஞ்சியவர் இரண்டொருவரே. அவர்களும் போய்விட்டால் ஊரில் அவருடைய காலமே முடிந்தது. முதியவர் காணாமற் போனால், "வயசாயிருச்சு, போயிட்டாரு" என்று ஊரும் காவல் நிலையமும் விரைவில் கைகழுவிவிடுவதற்கு இந்தக் கணக்கே அடியில் இருக்கிறது போலும். சட்டம் இறப்பை ஊகிக்கலாம். அதற்கு நிர்வாகத் தேவை உண்டு. ஆனால் தேடுவதை நிறுத்தலாம் என்று எந்தக் காழியும் அதற்குப் பொருள் கொள்ளவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏழாண்டோ தொண்ணூறாண்டோ, அந்த அறிஞர்கள் ஒரு வெற்றிடத்தை வெற்றிடமாகவே வைத்திருக்கத் துணிந்தார்கள். "தெரியாது" என்பதையே ஒரு சட்ட நிலையாக்கி, அதற்கு உரிமைகளும் கடமைகளும் வகுத்தார்கள். ஒரு காணி நிலத்துக்கும் நாலு பசுவுக்கும் இவ்வளவு நிதானம் காட்டிய மரபு நம்முடையது. மனிதனின் மானத்துக்கு எவ்வளவு காட்ட வேண்டும்? மறைந்தவர் பின்னொரு நாள் திரும்பினால், வாரிசுகள் கையில் செலவழியாமல் எஞ்சியிருப்பதைத் திரும்பப் பெறலாம் என்று ஃபிக்ஹு கூறுகிறது. "மகன்தான் கொன்றுவிட்டான்" என்று மூன்றாண்டு பேசிய ஊர், பெரியவர் திருச்செந்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு முதியோர் இல்லத்திலிருந்து திரும்பி வரும் நாளில், அந்த மகனுக்கு எதைத் திருப்பித் தரும்? அவன் மகளுக்கு வந்து நின்றுபோன சம்பந்தத்தையா?

ஒருவர் சில மணி நேரம் காணாமற் போனதால் மதீனா நகரமே ஒரு மாதம் கலங்கிய வரலாறு நமக்குத் தெரியும். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், அறுந்து விழுந்த மாலையைத் தேடிச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். ஒட்டகச் சிவிகையில் அவர்கள் இல்லை என்பதை அறியாமல் படை போய்விட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அன்னையாரை ஏற்றி, தாம் நடந்து வந்து சேர்த்தார்கள். 'எங்கே' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, மாலை கிடைத்தது, அன்னையாரும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் நாவுகளுக்கு அது போதவில்லை. நயவஞ்சகர்கள் மூட்டிய தீயை நல்லவர்கள் சிலரும் ஊதினார்கள் என்பதுதான் அவ்வரலாற்றின் கசப்பான பகுதி. அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆதரவில் வாழ்ந்த உறவினர் மிஸ்தஹும் அவர்களுள் ஒருவர்.

பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? தம் வீட்டு விஷயம். தம் நெஞ்சு புண்பட்டிருந்தது. ஆயினும் நெருங்கியவர்களிடம் கேட்டார்கள், பணிப்பெண்ணிடம் விசாரித்தார்கள், வஹீ வரும்வரை தீர்ப்பு எதுவும் கூறாமல் காத்திருந்தார்கள். அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களோ தம் மனைவியிடம், நீ இப்படிச் செய்வாயா என்று கேட்டார்; மாட்டேன் என்றார் அம்மாது; அப்படியானால் உன்னினும் சிறந்தவரான ஆயிஷா செய்வாரா என்று பேச்சை அத்தோடு முடித்தார். அந்நூர் அத்தியாயம் அருளப்பட்டபோது, நம்பிக்கையாளர்கள் செவியுற்ற உடனேயே நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று இறைவன் கடிந்துகொண்டது அபூ அய்யூப் செய்ததைச் செய்யாதவர்களைத்தான். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தீய எண்ணத்தையே உள்ளத்தால் பேசும் புறம் என்று வகைப்படுத்தினார்கள். நாவு அசையாவிட்டாலும் அது புறமே.

இவ்வளவும் சொன்ன பின் ஒரு தடை எழும். அதை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. "நல்லெண்ணம், நல்லெண்ணம் என்று நீர் சொல்லிக்கொண்டிருக்கிறீர். எந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்கிறீர்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தலைக்கூத்தல் என்ற சொல் தென்மாவட்டங்களுக்கு, சிறப்பாக விருதுநகர் மாவட்டத்துக்குத் தேடித்தந்த அவப்பெயர் சிறிதன்று. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியலும் இளநீருமாகச் சடங்கு போலச் செய்து அனுப்பிவைக்கும் அவ்வழக்கத்தை ஊர் அறிந்திருந்தது, ஊர் பேசவில்லை. 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மாவட்டத்தில், எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், தம்மைத் தீர்த்துவிட்டு நிலத்தை எப்படிப் பிரிப்பது என்று வீட்டார் பேசிக்கொண்டது காதில் விழ, வீட்டை விட்டு வெளியேறி உறவினர் ஒருவரிடம் அடைக்கலம் புகுந்தார். அதன் பிறகே செய்தித்தாள்கள் இதை விரிவாக எழுதின. இங்கே கெட்ட எண்ணம் கொண்டவனே உண்மைக்கு அருகில் இருந்திருப்பான். நல்லெண்ணம் கொண்டவன் அறியாமலே கொலைக்குத் துணைபோயிருப்பான்.

ஆகவே, வீட்டாரைச் சந்தேகிப்பதே பாவம் என்ற எளிய விதியை நாம் சொல்ல இயலாது. திருமறையும் அப்படிச் சொல்லவில்லை. எண்ணங்களில் பலவற்றை விலக்குமாறும், அவற்றுள் சில பாவமாகும் என்றுமே அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. எல்லா எண்ணமும் பாவம் என்றிருந்தால் நாம் அறிவையே துறக்க வேண்டியிருக்கும். சில பாவம், எவை அச்சில என்று முன்கூட்டித் தெரியாததால் பலவற்றை விலக்க வேண்டியிருக்கிறது.

யஃகூப் (அலை) அவர்களின் வரலாறு இங்கு நமக்கு ஒளி தருகிறது. மகன் மறைந்தார், இரத்தம் தோய்ந்த சட்டையோடு மற்ற மக்கள் வந்தனர். தந்தை நம்பவில்லை, உங்கள் மனம் உங்களுக்கு ஒரு செயலை அழகாக்கிக் காட்டியிருக்கிறது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. பல்லாண்டு கழித்து இளைய மகனும் எகிப்தில் நிறுத்தப்பட்டபோது, அதே மக்கள் வந்து நடந்ததைச் சொன்னார்கள். தந்தை அதே சொற்களைத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் இம்முறை மக்கள் பொய் சொல்லவில்லை! அவ்விடத்தில் விரிவுரையாளர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். நாம் அதற்குள் புகவில்லை. நமக்கு வேண்டிய பாடம் வேறு: ஒருமுறை பொய்த்தவன் மறுமுறையும் பொய்ப்பான் என்ற கணக்கு எல்லாக் காலத்திலும் செல்லாது. தலைக்கூத்தல் நடந்த மாவட்டம் என்பதால் இங்கே காணாமற் போகும் ஒவ்வொரு முதியவரும் கொல்லப்பட்டவரல்லர். அதைவிட முக்கியமானது, அந்தத் தந்தை அடுத்துச் செய்தது. மக்களை விரட்டவில்லை, ஊர்விலக்கம் செய்யவில்லை. போய் யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், இறையருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அந்த மக்களையே அனுப்பினார்கள். ஐயத்துக்குரியவர்களையே தேடுவோராக்கினார்கள். தேடல் அங்கிருந்துதான் முடிவை எட்டியது.

இதிலிருந்து நாம் ஒரு கோடு கிழிக்க முயல்கிறோம். 'எங்கே' என்று கேட்கும் ஊகம், அது எவ்வளவு மடத்தனமாக இருந்தாலும், யாரையேனும் நடக்க வைக்கிறது. மலைக்குப் போயிருப்பார் என்றால் நாலு பேர் மலையடிவாரம் வரை போகிறார்கள்; இல்லை என்று திரும்பினால் நட்டம் நாலு பேரின் ஒரு நாள் கூலிதான். 'யார்' என்று கேட்கும் ஊகம் யாரையும் நடக்க வைப்பதில்லை. ஒருவரைச் சுட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. அது பொய்யானால் அதன் நட்டத்தைச் சொன்னவர் ஏற்பதில்லை. உண்மையாகவே 'யார்' என்று கேட்கும்படியான ஒன்றைக் கண்டவர் இருந்தால், அவருக்குத் தேநீர்க் கடை தக்க இடமன்று. "அன்றிரவு பத்து மணிக்கு அவ்வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றதைப் பார்த்தேன்" என்று காவல் நிலையத்தில் சொல்லிக் கையெழுத்திடுவது சாட்சி. வண்டியைக் கண்டதைக் காவலரிடம் மறைத்துவிட்டு, அதிலிருந்து தான் ஊகித்ததை மட்டும் ஊரெல்லாம் சொல்வது கோழைத்தனம். நம்மவரிடம் இரண்டாவதே மிகுதி. ஏனெனில் முதலாவதற்குக் கோர்ட்டுப் படியேற வேண்டும். பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் கைவிடுவதைக் குற்றமாக்கி மூன்று மாதம் வரை சிறையென்று சொல்லும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. பெரியவர் மறைந்த பின் மருமகளைப் பற்றி அவ்வளவு விவரம் தெரிந்த அண்டை வீட்டார், அவர் பசியோடு வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த எண்ணை அழைத்திருக்கலாமே!

'எங்கே' என்ற கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கும் அறிவு வேண்டும். மறதி நோய் பற்றியவர் கண்மூடித்தனமாகத் திரிவதில்லை. அவர் மனத்துக்குள் ஒரு முகவரி இருக்கிறது. அது இன்றைய முகவரியாக இருப்பதில்லை. நாற்பதாண்டு வேலை பார்த்த இராசபாளையத்து மில்லின் வாயிலாக இருக்கலாம். பிறந்த ஊராக இருக்கலாம். எப்போதோ இடிக்கப்பட்ட பழைய வீடாக இருக்கலாம். "அந்தியாயிற்று, வீட்டுக்குப் போகணும்" என்று தம் வீட்டில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறவர்கள் அவர்கள். ஜப்பானில் மறதி நோயால் காணாமற் போனதாக 2023-ஆம் ஆண்டில் மட்டும் 19,000-க்கு மேற்பட்டோர் பற்றிக் காவல்துறையிடம் சொல்லப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சில நாட்களுக்குள் கண்டுபிடிக்கப்பட்டனர். அங்கே பல ஊர்களில், நிலநடுக்க எச்சரிக்கைக்காக நட்ட ஒலிபெருக்கிகளிலேயே, இன்ன வயது, இன்ன நிறச் சட்டை அணிந்தவர் என்று அறிவிக்கிறார்கள். நம் பள்ளிவாசல்களிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. மௌத்துச் செய்திக்கு அதைப் பயன்படுத்துகிறோம். உயிரோடு அலைந்துகொண்டிருப்பவருக்காகவும் மோதினார் அதன் முன் நிற்கலாம். பெரியவரின் மஹல்லாவோ மதமோ அதற்குத் தடையன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2010-இல் வீட்டை விட்டு ஓடிய அந்தப் பெரியவரை, நல்லெண்ணம் மிகுந்த யாராவது கண்டுபிடித்து, "வாங்க அய்யா, பிள்ளைகள் தேடுகிறார்கள்" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டிருந்தால்? 'எங்கே' என்ற கேள்வியும் அங்கே கொல்லும் ஆயுதமாகியிருக்கும். தாமாக வெளியேறும் முதியவர்கள் உண்டு. டால்ஸ்டாய் தம் 82-ஆம் வயதில், 1910-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தின் ஓர் இரவில், மனைவி அறியாமல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். சில நாட்களில் அஸ்தபோவோ என்ற சிறு ரயில் நிலையத்தில் காலமானார். செய்தியாளர்கள் அந்நிலையத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மனைவி சோஃபியாவோ அவர் நினைவிழக்கும்வரை அருகில் அனுமதிக்கப்படவில்லை. குற்றம் அம்மையாருடையதா, கணவருடையதா, சீடர்களுடையதா என்ற வழக்கை உலகம் நூறாண்டு கடந்தும் பேசிக்கொண்டிருக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏற எவருக்கும் அழைப்பில்லாத வழக்கு அது. ஆகவே கண்டெடுத்தவர் முதலில் கேட்க வேண்டியது, "உங்களை எங்கே கொண்டுபோய் விட வேண்டும்?" என்பதுதான். வீட்டுக்கு என்ற விடை வந்தால் வீடு. வேண்டாம் என்றால், உயிரோடிருக்கிறார் என்ற செய்தியைக் காவல் நிலையத்துக்கு மட்டும் சொல்லி, இருக்குமிடத்தை அவருடைய அமானிதமாகக் காக்க வேண்டும். முதியவர் என்பதால் அவர் சிறுபிள்ளையாகிவிடுவதில்லை.

தொழில்முறைத் துப்பறிவாளர் அல்லாத ஒருவர் இக்கேள்வியைச் செவ்வனே கேட்டதற்கு அண்மையில் ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்தது. மும்பையைச் சேர்ந்த ஓர் முஸ்லிம் பெண்மணி, பிள்ளைகளைக் காப்பாற்ற வளைகுடா நாடுகளில் வேலை செய்தவர், 2002-ஆம் ஆண்டில் துபாய் வேலை என்று ஏஜெண்டு ஒருவர் சொன்னதை நம்பிப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்ததோ பாகிஸ்தான். கையில் ஆவணம் இல்லை, திரும்ப வழியில்லை. இருபது ஆண்டுகள் அவர் பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. 2022-ஆம் ஆண்டில் கராச்சியைச் சேர்ந்த வலியுல்லாஹ் மஃரூஃப் என்பவர் அம்மூதாட்டியை உட்கார வைத்துப் பேச வைத்து, அதைப் படமெடுத்து வெளியிட்டார். சொந்த ஊர், பிள்ளைகள், பழைய வீடு இருந்த பகுதி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்ல வைத்த பேட்டி அது. மும்பையில் ஒரு பத்திரிகையாளர் அதைப் பார்த்தார், அந்தப் பகுதியில் விசாரித்தார், குடும்பம் கிடைத்தது. திரைவழியே தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பின்னும் இரு நாட்டு அலுவலகங்களின் தாள்கள் நகர இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று. 2024 டிசம்பரில், எழுபது வயதைக் கடந்த அந்தப் பெண்மணி வாகா எல்லைக் கதவைக் கடந்து இந்திய மண்ணில் நடந்து வந்தார்.